சிதறிப்போன அரசர் நூல்

பாரசீக மொழியின் பெருங்காப்பியமாகிய ஷாஹ்நாமாவைத் தூஸ் நகரத்துக் கவிஞர் பிர்தௌஸி ஹிஜ்ரி 400இல், அதாவது கி.பி. 1010இல், பாடி முடித்தார். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஈரடிகள் கொண்ட அக்காப்பியம், முதல் மன்னன் கயூமர்ஸில் தொடங்கி, முஸ்லிம்களின் படைமுன் சாசானியப் பேரரசு வீழ்ந்தது வரையிலான ஈரானிய மன்னர் வரலாற்றைக் கூறுவது. ‘அரசர்களின் நூல்’ என்பதே அதன் பெயருக்குப் பொருள். பிற்காலத்தில் ஈரானை ஆண்டவர்கள் பலரும் இந்நூலைச் சித்திரங்களுடன் எழுதுவித்துத் தம் நூலகத்தில் வைத்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதினர். பழைய மன்னர் வரிசையில் தாமும் ஒருவர் என்று நிலைநாட்டிக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி வேறு ஏது?

அவ்வாறு உருவான பிரதிகளுள் தலைசிறந்ததென அறிஞர் பலர் போற்றுவது, ஸபவி மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரேஸ் நகரில் எழுதப்பட்ட பிரதியாகும். 759 ஏடுகள்; அவற்றுள் 258 ஏடுகளில் சித்திரங்கள். ஒவ்வோர் ஏடும் ஏறக்குறைய 47 செ.மீ. உயரமும் 32 செ.மீ. அகலமும் உடையது. 1520களின் தொடக்கத்தில் ஆரம்பமான இப்பணி, 1530களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

‘கித்தாப்கானா’ என வழங்கிய அரசவை நூற்கூடத்தில் ஒரு நூல் பலர் கைபட்டே உருவாகும். தாளுக்குப் பசை பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார் ஒருவர். நஸ்தஅலீக் எழுத்தில் பாடலை எழுதுவார் கையெழுத்துக் கலைஞர்; படம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுச் செல்வார். அதன்பின் ஓவியர் வருவார். பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்து எடுத்த நீலமும், தங்கப்பொடியும் அவர் கையில் மயிரிழைத் தூரிகையின் நுனியில் நிற்கும். ஓரங்களில் பொன்துகள் தூவுவோர், கோடு இடுவோர், அட்டை கட்டுவோர் எனப் பலருடைய பல்லாண்டு உழைப்பு அது.

இந்நூலின் ஓவியர்களுள் ஸுல்தான் முஹம்மது, மீர் முஸவ்விர், ஆகா மீரக் ஆகியோர் முதன்மையானவர்கள். ஸுல்தான் முஹம்மது வரைந்த ‘கயூமர்ஸின் அவை’ என்னும் ஒரு படத்தை மட்டும் இங்குக் கூறினால் போதும். மலையுச்சியில் சிறுத்தைத் தோலுடுத்திய மன்னன் வீற்றிருக்கிறான். மகன் ஸியாமக்கும் பேரன் ஹூஷங்கும் இரு பக்கமும் இருக்கின்றனர். கொடிய விலங்குகளும் சாந்தமாக உலவுகின்றன. பாறைகளை உற்று நோக்கினால் அவற்றினுள்ளே மனித முகங்களும் விலங்கு முகங்களும் ஒளிந்திருப்பது தெரியும். ஆயினும் மன்னன் முகத்தில் கவலை. மகனைக் கருந்தேவன் கொல்லப்போகிறான் என்பது காப்பியத்தை அறிந்தவர்க்குத் தெரியும். அவ்வளவு இன்பமான காட்சியில் இத்தனை துயரத்தை ஓவியர் அடக்கிவைத்தார். 1544இல் தோஸ்த் முஹம்மது என்னும் கலைஞர், இப்படத்தின் முன் துணிவுமிக்க ஓவியரும் நாணித் தலை குனிவர் என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார்.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை மார்க்க அறிஞர் பெரும்பாலோர் ஏற்றதில்லையே, இது எவ்வாறு நடந்தது என வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. திருக்குர்ஆன் பிரதிகளிலோ பள்ளிவாசல்களிலோ இத்தகைய படங்கள் இடம்பெறவில்லை. அங்கே எழுத்தணியும் கொடியணியும் வடிவக் கோலங்களுமே ஆட்சி புரிந்தன. உருவச் சித்திரம் அரசவை நூல்களுக்குள் அடங்கி, மூடிய அட்டைகளுக்கிடையே வாழ்ந்தது. தஹ்மாஸ்பின் வாழ்விலும் இவ்வினா எழாமலில்லை. இளமையில் தாமே தூரிகை பிடித்துப் பயின்ற அவர், பிற்காலத்தில் ஓவியத்தில் ஆர்வம் குன்றி, 1556இல் பாவமன்னிப்புப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்.

மன்னரின் மனம் மாறியபோது கலைஞர்கள் வேறு புகலிடம் தேடினர். 1544இல் அடைக்கலம் நாடி ஈரான் வந்திருந்த ஹுமாயூன், அவர்களது திறமையைக் கண்டு வியந்தார். மீர் முஸவ்விரின் மகன் மீர் ஸையித் அலீயும், அப்துஸ் ஸமதும் 1549இல் காபூலில் அவரை அடைந்தனர்; பின்னர் அவருடன் இந்தியாவுக்கு வந்தனர். அக்பர் காலத்தில் ஏறத்தாழ 1400 சித்திரங்களுடன் உருவான ஹம்ஸாநாமாவை மேற்பார்த்தவர்கள் இவ்விருவரே. முகலாய ஓவியத்தின் வேர் தப்ரேஸ் நூற்கூடத்தில் ஊன்றியிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நூலின் கதி என்னவாயிற்று? ஸபவிகளுக்கும் உதுமானியருக்கும் தீராப் பகை இருந்தது. 1514இல் சால்திரான் போரில் தஹ்மாஸ்பின் தந்தை ஷா இஸ்மாயிலை முதலாம் ஸலீம் தோற்கடித்துத் தப்ரேஸுக்குள் புகுந்தார். 1534இல் ஸுலைமானின் படைகள் மீண்டும் அந்நகரை அடைந்தன. 1555இல் அமாஸ்யாவில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1566இல் ஸுலைமான் மறைந்து இரண்டாம் ஸலீம் அரியணை ஏறியபோது, அந்த அமைதியைக் காக்க விரும்பிய தஹ்மாஸ்ப், ஒட்டக வரிசையில் பரிசில்களை அனுப்பினார். 1568இல் எடிர்னே நகரை அடைந்த அப்பரிசில்களுள், ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் கையெழுத்தெனக் கருதப்பட்ட திருக்குர்ஆன் பிரதியும் இந்த ஷாஹ்நாமாவும் இருந்தன.

பகைவன் பேரனின் கைக்குச் சென்ற நூல் அழிந்ததா? இல்லை. இஸ்தான்பூல் அரண்மனைக் கருவூலத்தில் அது சிதையாது காக்கப்பட்டது. 1800ஆம் ஆண்டையொட்டி, அங்கிருந்த அலுவலர் ஒருவர் ஒவ்வொரு சித்திரத்திற்கும் துருக்கி மொழியில் விளக்கம் எழுதி வைத்தார். அந்நியர் நூலை இத்துணைப் பரிவோடு படித்த அந்தக் கைகளை நாம் வாழ்த்தவேண்டும்.

1903இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அது பாரன் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்டின் உடைமையாக இருந்தது. அப்போதும் நூல் முழுமையாகவே இருந்தது. 1959இல் ஆர்தர் ஹாட்டன் என்னும் அமெரிக்கச் செல்வர் அதை வாங்கினார். அதன்பின்தான் கட்டு அவிழ்க்கப்பட்டது. 1970இல் 78 சித்திரங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. 1976 முதல் தனித்தனி ஏடுகள் லண்டனில் ஏலத்திற்கு வந்தன. நாம் மேலே கண்ட ‘கயூமர்ஸின் அவை’ இன்று கனடாவின் டொரன்டோவிலுள்ள ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏடு ஒன்றின் விலை 2011இல் எழுபது இலட்சம் பவுனைத் தாண்டியது.

ஹாட்டன் 1990இல் காலமானார். 1994இல் வியன்னா விமான நிலையத்தில் விந்தையான ஒரு பண்டமாற்று நிகழ்ந்தது. எஞ்சிய 118 சித்திரங்களும், 501 எழுத்தேடுகளும், மேலட்டையும் ஈரானிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு ஈடாக, டி கூனிங் என்னும் ஓவியர் வரைந்த, 1979 புரட்சிக்குப்பின் ஈரானில் காட்சிக்கு வைக்க இயலாதிருந்த ஒரு பெண்ணின் படத்தை ஈரான் கொடுத்தது. அப்படம் 2006இல் 13 கோடியே 75 இலட்சம் டாலருக்கு விற்றதாகச் செய்தி வந்தது. ஈரான் ஏமாந்ததென்று கணக்குப் பார்ப்போரும் உளர். ஆனால் தப்ரேஸில் பிறந்த நூலின் பெரும்பகுதி, நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தாயகம் திரும்பியதை எந்த நாணயத்தால் மதிப்பது?

இங்குக் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. படையெடுப்புகளும் அரச மாற்றங்களும் இந்நூலைப் பிரிக்கவில்லை. அமைதிக் காலத்தில், முறையாக விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையே அதைப் பிரித்தது. சட்டம் அவரைத் தடுக்கவில்லை. ஒரு படம் தனியே நிற்கும்போது கண்ணுக்கு விருந்தாகலாம். ஆனால் அதன் முன்னும் பின்னும் ஓடிய பாடலை இழந்து, நடுவே அறுந்த கதையாகிவிடுகிறது. எஞ்சிய 62 சித்திர ஏடுகள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

நம் மார்க்கம் ‘அமானிதம்’ என்றொரு சொல்லை நமக்குக் கற்றுத் தந்துள்ளது. கையில் உள்ளதெல்லாம் நமதன்று. சில, நமக்குப் பின் வருவோருக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. முன்னோர் எழுதிவைத்த ஏடொன்று எவர் வீட்டுப் பெட்டியில் இருப்பினும், அதை விற்கவோ பிரிக்கவோ கை நீளுமுன் இச்சொல்லை ஒருமுறை நினைவுகூர்தல் நன்று.