பெற்றோல் ஆவிக்கு யார் பொறுப்பு?

வட அமெரிக்காவில் பெற்றோலில் ஓடும் பிக்கப் வாகனம் வைத்திருப்போரிடையே ஒரு முறைப்பாடு அடிக்கடி கேட்கும். தாங்கியை முழுமையாக நிரப்பிவிட்டு எஞ்சினை இயக்கினால் அது திணறும்; சில விநாடிகளில் நின்றுவிடும். அக்சிலேற்றரை அழுத்தியபடி இரண்டு மூன்று தடவை முயன்றால் ஓடத் தொடங்கும். அதன்பின் அடுத்த முறை நிரப்பும்வரை எந்தக் கோளாறும் இராது. தண்ணீர் கலந்த பெற்றோல் என்று நிரப்பு நிலையத்தின்மீது பழி போடுவோர் பலர். ரொறன்ரோவில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் எரிபொருள் பம்பையே மாற்றியிருந்தார். பணம் போனது, கோளாறு போகவில்லை.

பெற்றோலில் தண்ணீர் இருந்திருந்தால் வாகனம் வழியிலும் திணறியிருக்கும். நிரப்பிய உடனே மட்டும் நிற்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது பெற்றோலை அன்று, அதன் ஆவியை. அந்த ஆவியை வாகனத்துக்குள் அடைத்து வைக்க வேண்டி வந்த கதை 1943ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம், ஜப்பானியர் நச்சுவாயுவை ஏவிவிட்டனர் என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை இறப்பர் உற்பத்திக்கான ஆலையொன்றின்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஆலை மூடப்பட்ட பின்னரும் புகைமூட்டம் வந்தது. விடை கண்டவர் நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய இரசாயனவியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிற். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். எரியாத பெற்றோலின் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒக்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய்த் தொழிற்றுறை அதனை இலகுவில் ஏற்கவில்லை.

புகைபோக்கியால் வெளியேறுவது மட்டும் குற்றவாளியன்று. வெயிலில் நிற்கும் வாகனத்தின் தாங்கியிலிருந்தும் காபரேற்றரிலிருந்தும் பெற்றோல் ஆவியாகித் தப்பிக்கொண்டிருந்தது. இதனால் 1970ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களுக்குக் கலிபோர்னியாவும், 1971 முதல் நாடு முழுவதற்கும் அமெரிக்க மத்திய அரசும் ஆவிக் கட்டுப்பாட்டை விதித்தன. அதன் விளைவே உயிர்ப்பூட்டப்பட்ட கரி நிரப்பிய சிறு பேழை. முதலாம் உலகப்போரின் நச்சுவாயு முகமூடிகளில் இருந்ததும் இவ்வகைக் கரியே. அன்று அதற்குத் தேங்காய்ச் சிரட்டை பயன்பட்டது. தாங்கியின் ஆவியைக் கரி பிடித்து வைக்கும். எஞ்சின் சூடேறி ஓடும்போது வால்வொன்று திறக்கும். அந்த ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும்.

ஆனால் பெற்றோல் நிரப்பும் வேளையில் தாங்கியிலிருந்து தள்ளப்படும் ஆவியோ மிக அதிகம். அதைப் பிடிப்பது யார் பொறுப்பு என்பதில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபறி நீடித்தது. வாகனத்தில் பெரிய பேழை வையுங்கள் என்றனர் எண்ணெய் நிறுவனத்தார். விபத்தில் அது தீப்பற்றும், ஆகையால் பம்பிலேயே பிடியுங்கள் என்றனர் வாகன உற்பத்தியாளர். பாதுகாப்பு, செலவு என்று இருதரப்பும் எதைச் சொன்னாலும், செலவை மற்றவர் தலையில் கட்டுவதே இரு தரப்பினதும் நோக்கம் என்பது என் கணிப்பு.

1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் பொறுப்பை வாகனத்தின்மீது சுமத்தியது. எனினும் 1992இல் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தீ அபாயத்தைக் காட்டிப் பின்வாங்கியது. சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. விதியைப் பிறப்பிக்காமல் விடும் உரிமை முகவரகத்துக்கு இல்லை என 1993 ஜனவரியில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் விதி வந்தது. கார்களில் 1998ஆம் ஆண்டு மாதிரி முதலும், பிக்கப் போன்ற இலகுரக ட்ரக்குகளில் 2001 முதல் 2006 வரை படிப்படியாகவும் பெரிய பேழைகள் பொருத்தப்பட்டன. பம்பில் ஆவி பிடிக்கும் ஏற்பாட்டை மாநிலங்கள் கைவிடலாம் என 2012இல் முகவரகம் அறிவித்தது.

இலங்கையில் நாம் காணும் டபிள் கெப்களில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. டீசல் எளிதில் ஆவியாகாது. அதனால் இந்தத் தொல்லை நமக்கு அதிகம் பழக்கமில்லை.

இனி உறவினரின் பிக்கப்புக்கு வருவோம். நிரப்பி முடித்த கணத்தில் பேழை முழுவதும் ஆவி. எஞ்சினை இயக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். அது திறந்தபடி இறுகிவிட்டால், வழக்கமான பெற்றோலோடு இந்த ஆவியும் எஞ்சினுக்குள் பாயும்; காற்றுப் போதாமல் எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும். அக்சிலேற்றரை அழுத்தினால் மேலதிக காற்று செல்வதால்தான் ஓடுகிறது.

சோதனை எளிது. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, வால்வின் மின்இணைப்பைக் கழற்றி, பேழையிலிருந்து வரும் குழாயையும் வால்விலிருந்து அகற்றி, அந்த வாயில் விரலை வைக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. விரல் உறிஞ்சப்பட்டால் வால்வு பழுது. பம்போடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். உறவினரின் வால்வும் அப்படியே உறிஞ்சியது. கழற்றிய வால்வைத் தட்டினால் கரித்துகள் கொட்டுகிறதா என்று பார்ப்பது அவசியம்; கொட்டினால் பேழையும் உடைந்துவிட்டது, அதையும் மாற்றாவிட்டால் புதிய வால்வும் விரைவில் இறுகும். பம்ப் தானாக நின்ற பின்னரும் கணக்கைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் ஊற்றுவோரின் வாகனங்களில், ஆவிக்கான பேழைக்குள் பெற்றோலே புகுந்து கரியைப் பாழாக்கிவிடுகிறது.