தக்கோலம் வரை வந்த சம்பந்திப் பகை

திருவள்ளூரிலிருந்து பேரம்பாக்கம் தாண்டிப் போனால் தக்கோலம். 949-இல் சோழ இளவரசர் இராசாதித்தர் யானைமேலேயே மாண்ட ஊர்.

நாடுபிடிக்கும் போர்தான். ஆனால் அதன் வேர் குடும்பத் தகராறு என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். முதலாம் ஆதித்தரின் தேவியரில் ஒருவர் இராட்டிரகூட மன்னர் இரண்டாம் கிருஷ்ணரின் மகள். அவருடைய பிள்ளை கன்னரதேவருக்குக் கிடைக்காத அரியணை, 907-இல் இன்னொரு பிள்ளை பராந்தகருக்குப் போனது. பேரனுக்காகப் படையெடுத்த தாத்தா திருவல்லத்தில் தோற்றார். கொள்ளுப்பேரன் மூன்றாம் கிருஷ்ணர் தக்கோலத்தில் பழிதீர்த்தார். இராசாதித்தரைக் கொன்றவர் அவருடைய மைத்துனர், கங்க மன்னர் பூதுகர். தொண்டைமண்டலமும் சோழர் கைவிட்டுப் போனது.

தகராறு தகப்பன் காலத்தது. உயிரை விட்டவர் மகன்.

எங்கள் ஊரிலும் வரப்புச் சண்டையில் பேச்சு நின்ற இரண்டு வீடுகள் உண்டு. பேரப்பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது. தெரிந்த நாம் இருக்கும்போதே பேசித் தீர்த்துவிட வேண்டாமா?