இறங்கி வந்த மகுடம்

1983-இல் டொயோட்டா நிறுவனம் தனது கிரவுன் காரின் ஏழாம் தலைமுறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு சிறு விளம்பர வாசகத்தைச் சூட்டியது. 'இட்ஸுகா வா குராவுன்.' தமிழில் சொன்னால், 'என்றாவது ஒரு நாள் கிரவுன்'. ஜப்பானில் இன்றும் நினைவுகூரப்படும் விளம்பர வாசகங்களில் இதுவும் ஒன்று. காரின் எஞ்சினைப் பற்றியோ விலையைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. அது பேசியது காலத்தைப் பற்றி. உழைத்துக் காத்திரு, ஒரு நாள் உனக்கும் வரும் என்பதே அதன் பொருள்.

அந்த ஒரு நாள் ஜப்பானிய இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையிலேயே வந்தது. ஆனால் சொன்ன வழியில் வரவில்லை. ஐம்பது வயதில், மேலாளர் பதவியோடு சேர்ந்து வரவேண்டிய கார், இருபது சொச்ச வயதில், பழைய கார் விற்கும் கடையின் வழியாக வந்து நின்றது. அது எப்படி வந்தது, வரும்போது எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவராமல் விட்டது என்பதையே இங்கு பார்க்க முயல்கிறோம்.

முதலில் அந்தக் காத்திருப்பின் ஏணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கிரவுன் 1955 ஜனவரியில் வெளிவந்தது. ஒன்றரை லிட்டர் எஞ்சின்தான். அதன் பின்கதவுகள் முன்கதவுகளுக்கு எதிர்த்திசையில் விரிந்து திறந்தன. ஜப்பானியர் இவ்வமைப்பை 'கன்னோன்-பிராக்கி' என்று அழைத்தனர். கருணையின் போதிசத்துவரான கன்னோனின் சிறு சன்னதிக் கதவுகள் இருபுறமும் விரிவதை அது நினைவூட்டியதால் வந்த பெயர். சன்னதிக்குள் வீற்றிருப்பவர் யார்? பின்னிருக்கையில் அமர்பவர். அந்தக் கார் யாரை நினைத்து வடிக்கப்பட்டது என்பதைக் கதவின் பெயரே சொல்லிவிடுகிறது.

ஜப்பானிய அலுவலக மரபில் காருக்குள்ளும் ஆசன வரிசை உண்டு. ஓட்டுநர் ஓட்டும் காரிலோ வாடகைக் காரிலோ ஓட்டுநருக்கு நேர்பின்னால் இருக்கும் இடமே தலைமை இடம், 'கமிஸா'. பதவியில் இளையவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்ல வேண்டும். புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இது கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று. முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு நகர ஒருவனுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகும்.

1966-இல் டொயோட்டாவின் கொரோலாவும் நிஸானின் சன்னியும் வெளிவந்தபோது சாதாரணக் குடும்பத்துக்கும் சொந்தக் கார் என்பது எட்டக்கூடியதாயிற்று. அதன்பின் படிகள் தெளிவாயின. கொரோலாவில் தொடங்கு; சம்பளம் கூடும்போது கொரோனாவுக்கு மாறு; பிறகு மார்க் 2; இறுதியில் கிரவுன். ஆயுட்கால வேலையும் பணிமூப்புக்கு ஏற்ற ஊதியமும் இருந்த பெருநிறுவன உலகில் இந்த ஏணி வெறும் விற்பனைத் தந்திரமாக இருக்கவில்லை. வயதும் சம்பளமும் காரின் அளவும் ஒன்றாக வளரும் என்று ஒரு சமூகமே நம்பியிருந்தது.

அரசும் அந்த ஏணிக்குக் காவல் நின்றது. 1.7 மீட்டர் அகலமும் 4.7 மீட்டர் நீளமும் இரண்டு லிட்டர் எஞ்சினும் தாண்டாத கார்களுக்கு 5-இல் தொடங்கும் பதிவெண். இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் 3-இல் தொடங்கும் பதிவெண். 1989-க்கு முன்பு இரண்டு லிட்டர் காருக்கு ஆண்டு வரி 39,500 யென். மூன்று லிட்டர் பெரிய காருக்கோ 81,500 யென். வாங்கும்போது கட்டும் பண்ட வரியும் சிறிய காருக்கு 18.5 விழுக்காடு, பெரிய காருக்கு 23 விழுக்காடு. தெருவில் போகும் காரின் பதிவெண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் நிலையை ஊகித்துவிடலாம்.

1980-களில் ஏணி ஆடத் தொடங்கியது. 1981-இல் வந்த ஸோரர், 1984-இல் வந்த புதிய மார்க் 2 போன்ற கார்கள் இளைஞர்களிடையே ஒரு மோகத்தைக் கிளப்பின. 'ஹைஸோ கார்' என்று அதற்குப் பெயர். மேட்டுக்குடிக் கார் என்று பொருள் கொள்ளலாம். வெள்ளை வெளேரென்ற வண்ணம், வெல்வெட் போன்ற இருக்கைத் துணி, மாதத் தவணை. காத்திருக்கும் பொறுமை குறைந்து வந்ததன் முதல் அடையாளம் இது.

பின்னர் வந்தது பணவெள்ளம். 1985 செப்டம்பரில் பிளாஸா ஒப்பந்தத்துக்குப் பின் யென்னின் மதிப்பு உயர்ந்தது. ஏற்றுமதி படுத்துவிடும் என்று அஞ்சிய மத்திய வங்கி, 1987 பிப்ரவரியில் தன் வட்டியை 2.5 விழுக்காட்டுக்கு இறக்கியது. மலிவாகக் கிடைத்த கடன் நிலத்திலும் பங்குகளிலும் போய்க் கொட்டியது. 1988 ஜனவரியில் நிஸான் நிறுவனம் சிமா என்னும் காரை வெளியிட்டது. ஸ்பானிய மொழியில் 'சிமா' என்றால் சிகரம். மூன்று லிட்டர் டர்போ எஞ்சின், 255 குதிரைத்திறன். உச்ச வகையின் விலை ஏறத்தாழ 50 லட்சம் யென். முதல் ஆண்டிலேயே 36,000-க்கும் மேற்பட்டவை விற்றன. 'சிமா நிகழ்வு' என்றே பத்திரிகைகள் எழுதின. 1989 ஏப்ரலில் பண்ட வரி ஒழிந்து 3 விழுக்காடு நுகர்வு வரி வந்தது. அதே சமயத்தில் அகலத்துக்கான தண்டனையும் நீங்கி, மூன்று லிட்டர் காரின் ஆண்டு வரி 51,000 யென்னாகக் குறைந்தது. அக்டோபரில் டொயோட்டாவின் செல்சியோர் வந்தது. வெளிநாடுகளில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்று அறியப்பட்ட அதே கார்தான். டிசம்பர் 29 அன்று நிக்கெய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. சிகரம் என்று பெயர் வைத்தவர்கள், சிகரத்துக்கு அப்பால் இறக்கம்தான் என்பதை நினைத்திருக்க மாட்டார்கள்.

குமிழி உடைந்தது. பங்குகள் விழுந்தன, பின் நிலம் விழுந்தது. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் யமாயிச்சி பங்கு நிறுவனமும் ஒரே மாதத்தில் சரிந்தன. ஏறத்தாழ 1993 முதல் 2000-களின் நடுப்பகுதி வரை படிப்பை முடித்து வெளியே வந்தவர்களை ஜப்பானில் 'வேலைவாய்ப்புப் பனியுகத்' தலைமுறை என்கிறார்கள். ஏணியின் முதல் படியையே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நிரந்தர வேலை கிடைக்காதவர்கள் தற்காலிக வேலைகளுக்கும் ஒப்பந்த வேலைகளுக்கும் போனார்கள்.

ஆனால் கார்கள் எங்கும் போய்விடவில்லை. நம்மூரில் லாரிகளுக்கு எஃப்.சி. எடுப்பதுபோல ஜப்பானில் எல்லாக் கார்களுக்கும் 'ஷாகென்' என்னும் தகுதிச் சோதனை உண்டு. புதிய காருக்கு மூன்றாம் ஆண்டில், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. செலவு அதிகம். ஆகவே வசதியுள்ளவர்கள் சோதனைக்கு முன்பாகவே காரை மாற்றிவிடுவது வழக்கம். நன்கு பராமரிக்கப்பட்ட, அதிக தூரம் ஓடாத, பளபளப்பு மங்காத பெரிய கார்கள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவற்றை வாங்கவேண்டிய நடுவயதினரோ கடனில் இருந்தார்கள். தவிரவும், நடுவயதினன் பழைய சிமாவில் போனால் ஊர் அவனைத் தாழ்ந்துபோனவன் என்று நினைக்கும். இளைஞனுக்கு அந்த வெட்கம் இல்லை. அவன் மேலே இருந்ததே இல்லை, தாழ்ந்துபோவதற்கு.

1995-இல் இரண்டு விதிகள் தளர்ந்தன. பத்தாண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் ஷாகென் என்றிருந்த கட்டாயம் நீங்கியது. காரின் உறுப்புகளை மாற்றிக்கொள்வதற்கான கெடுபிடியும் குறைந்தது. பழைய பெரிய காரை வைத்துக்கொள்வதும், அதைத் தன் விருப்பப்படி திருத்திக்கொள்வதும் முன்னைவிட எளிதாயின.

இவ்வாறு உருவானதே 'பிப்பு' என்று உச்சரிக்கப்படும் வி.ஐ.பி. கார் மரபு. ஒசாகாவைச் சுற்றிய கன்ஸாய் வட்டாரத்தில் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தெருவில் வேகம் பழகிய இளைஞர்கள் காவல்துறையின் கண்ணில் படும் விளையாட்டுக் கார்களை விட்டுவிட்டுக் கௌரவமான நான்கு கதவுக் கார்களுக்கு மாறினார்கள் என்பது ஒரு கதை. கறுப்புக் காரில் வரும் யகுஸா தலைவர்களின் தோரணையை நகல் செய்தார்கள் என்பது இன்னொரு கதை. 1982-இல் 42,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு உச்சத்தில் இருந்த போஸோஸோக்கு மோட்டார் சைக்கிள் குழுக்களின் எச்சம் என்பாரும் உண்டு. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் மூன்றுமே ஒரு கேள்விக்கு விடை சொல்வதில்லை. இளைஞர்கள் ஏன் இந்தக் கார்களை, அதாவது அப்பாக்களின், மேலாளர்களின் கார்களைத் தேர்ந்தார்கள்?

அவர்கள் அந்தக் கார்களுக்குச் செய்தவற்றைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. தரையைத் தொடும் அளவுக்குக் காரைத் தாழ்த்தினார்கள். சக்கரங்களின் மேற்பகுதியை உட்புறமாகச் சாய்த்தார்கள். மிகையான சாய்வுக்கு 'ஒனி-கியான்' என்று பெயர், 'ஒனி' என்றால் அரக்கன். பின்கண்ணாடிகளுக்குத் திரைச்சீலை தைத்தார்கள். முன்கண்ணாடியில் கோயில் அலங்காரங்களை ஒத்த பட்டுக் குஞ்சங்களைத் தொங்கவிட்டார்கள். வண்ணம் மட்டும் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை, வெள்ளி. அதில் கைவைக்கவில்லை. மூத்தோரின் கண்ணியத்தை அவர்கள் உடைக்கவில்லை, மிகைப்படுத்தினார்கள். கன்னோனின் சன்னதிக்குத் திரையும் குஞ்சமும் போட்டு, உள்ளே எவரையும் அமர்த்தாமல் விட்டார்கள். திரைபோட்ட பின்னிருக்கை காலியாக இருந்தது. காரின் உரிமையாளன் முன்னால், ஓட்டுநரின் இடத்தில் உட்கார்ந்திருந்தான். மரபுப்படி எது தாழ்ந்த பக்கமோ அதையே அவன் தலைமை இடமாக ஆக்கிக்கொண்டான். தனக்குப் பின்னால் அமர ஒரு முதலாளி வரப்போவதில்லை என்பதை அவன் நன்றாக அறிந்திருந்தான்.

இதில் வெற்றி மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். காருக்கு அந்த யோகம் இல்லை. அதன் விலை விழும். தீனிச் செலவு விழாது. சின்னக் காரின் விலைக்கு வாங்கிய நான்கு லிட்டர் செல்சியோருக்கு ஆண்டு வரி 66,500 யென். பதின்மூன்று ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வரியை உயர்த்தும் விதியின்படி இன்று அதே கார் 76,400 யென் கேட்கிறது. உயர்தரப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். 1962-இல் வந்த சட்டத்தின்படி, காரை நிறுத்த இடம் இருப்பதைக் காட்டாமல் நகரில் காரைப் பதிவு செய்ய முடியாது. நீளமான காருக்கு இடமும் நீளமாக வேண்டும். உதிரிப் பாகங்கள் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவருடைய சம்பளத்தை வைத்தே விலையிடப்பட்டவை. பணக்காரன் விட்டுப்போன பொருளை ஏழை வாங்கலாம். ஆனால் பணக்காரனின் மாதாந்திரக் கணக்கும் கூடவே வரும். யானையைக் கட்டித் தீனி போடுவதிலேயே அந்த இளைஞர்களின் சம்பளத்தில் பெரும்பங்கு கரைந்தது. வீடும் சேமிப்பும் இல்லாதவனுக்கு இவ்வளவு பெரிய கார் எதற்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். வீடு எட்டாத உயரத்தில் இருந்ததால்தான் கார் என்று அவன் பதில் சொல்லியிருக்கலாம்.

ஏணியைச் செய்தவர்களும் பின்னர் அதைக் கழற்றி வைத்தார்கள். மார்க் 2-இன் வாரிசான மார்க் எக்ஸ் 2019-இல் நின்றது. சிமாவின் உற்பத்தி 2022 ஆகஸ்டில் நின்றது. அதே 2022-இல் வந்த பதினாறாம் தலைமுறைக் கிரவுன் நான்கு வடிவங்களில் அறிவிக்கப்பட்டது. முதலில் விற்பனைக்கு வந்தது உயரமான கிராஸ்ஓவர் வடிவம். நிக்கெய் குறியீடு தன் பழைய உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி 22 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. பனியுகத் தலைமுறையில் 3 லட்சம் பேரை நிரந்தர வேலையில் அமர்த்துவது என்று ஜப்பானிய அரசு 2019-இல் ஒரு மூன்றாண்டுத் திட்டத்தை அறிவித்தது. அப்போது அவர்களில் பலர் நாற்பதைக் கடந்திருந்தார்கள்.

நடிகை இட்டோ கஸுயே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டிய முதல் தலைமுறை சிமாவை நிஸான் ஊழியர்கள் புதுப்பித்து, 2021 டிசம்பரில் டோக்கியோவின் கின்ஸாவில் காட்சிக்கு வைத்தார்கள். அழகான செயல்தான். ஆனால் அந்தக் கார்களின் இரண்டாம் வாழ்க்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது காட்சிக்கூடத்தில் இல்லை. தாழ்த்தப்பட்ட சக்கரங்களோடு, குஞ்சம் ஆட, இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய எண்ணற்ற இளைஞர்களிடம் அது இருந்தது. 'என்றாவது ஒரு நாள்' என்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கில் கார் மட்டும் வந்து சேர்ந்தது. வேலையும் வீடும் பதவியும் வரவில்லை. வந்ததை அவர்கள் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டார்கள். அதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.