பரிசோதனைக்கு இது போதும்

கணினியின் முகவரி எண் எத்தனை பிட் நீளம் இருக்கலாம்? 1977 வாக்கில் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நெட்வொர்க் பொறியாளர்கள் ஏறக்குறைய ஓராண்டு மல்லுக்கட்டினார்கள். இப்படியே போனால் வேலை நடக்காது என்று கண்டு, 32 என்று முடித்துவைத்தவர் வின்ட் செர்ஃப். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவில் இணையத் திட்டத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது.

அதற்கு முந்தைய நெட்வொர்க்கான அர்பாநெட்டில் முகவரிக்கு ஒதுக்கியது 8 பிட்தான். 64 கணுக்கள், கணு ஒன்றுக்கு 4 கணினிகள். இணையத்துக்கு அடித்தளம் போட்ட 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் செர்ஃபும் பாப் கானும் நெட்வொர்க் எண்ணுக்கு மட்டும் 8 பிட் கொடுத்தார்கள். உலகம் முழுக்க 256 நெட்வொர்க்குகள் என்பது கண்ணுக்கெட்டிய காலம்வரை தாங்கும் என்று நினைத்தார்கள். அன்று ஈதர்நெட் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. ஒரு கட்டடத்துக்குள்ளேயே பத்து நெட்வொர்க் ஓடும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

விவாதத்தில் மூன்று கட்சிகள். முகவரி தேவைக்கேற்ப நீளட்டும், குறுகட்டும் என்றது ஒரு கட்சி. நிரல் எழுதுகிறவர்கள் அதை ஏற்கவில்லை. பாக்கெட் என்ற தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் எந்தப் புலம் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தால் கணினிக்கு வேறு வேலை ஓடாது என்றார்கள். 128 பிட் என்றது இன்னொரு கட்சி. அனுப்புநர், பெறுநர் முகவரிகளுக்கே பாக்கெட் ஒன்றில் 32 பைட் போய்விடும். நொடிக்கு 50 கிலோபிட் கடத்தும் கம்பியில், சில நூறு கணினிகளுக்காக இவ்வளவு ஆடம்பரமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். மிஞ்சியது 32. அது கிட்டத்தட்ட 430 கோடி முகவரிகள் தரும். அன்றைய உலக மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பரிசோதனைக்கு இது தாராளம், வெற்றி பெற்றால் நிஜ இணையத்தைப் பிறகு வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதே தன் கணக்காக இருந்தது என்று செர்ஃப் பின்னாளில் மேடைதோறும் சொல்லிவருகிறார். பரிசோதனை வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு அதை நிறுத்த யாராலும் முடியவில்லை.

முகவரியின் கதை பலரும் அறிந்தது. பாக்கெட்டின் முகப்பில் முகவரியைத் தாங்கும் அதே ஹெடருக்குள் இன்னொரு தற்காலிக ஏற்பாடும் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் செக்சம். பாக்கெட் வழியில் சிதைந்ததா என்று கண்டுபிடிக்கும் 16 பிட் எண் அது. தரவை 16 பிட் துண்டுகளாக நறுக்கிக் கூட்டுவார்கள். மேலே வழியும் மீதியைச் சுற்றிக் கொண்டுவந்து கடைசி இலக்கத்தோடு சேர்ப்பார்கள். பிறகு எல்லா பிட்டுகளையும் தலைகீழாக்கினால் செக்சம் தயார். பிபிஎன் நிறுவனத்தின் பில் பிளம்மர் 1978 ஜூனில் இதன் குணங்களை விரிவாக எழுதிவைத்தார். மென்பொருளில் மின்னல் வேகத்தில் ஓடும். பைட்டுகளை எந்த வரிசையில் வைக்கும் கணினியானாலும் விடை பொருந்தும். சிஆர்சி என்ற இன்னும் கறாரான முறை அப்போதே இருந்தது. ஆனால் அன்றைய கணினிகளில் அதை மென்பொருளால் செய்வது பெரும் சுமை.

கூட்டலுக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறிப் போனால் செக்சத்துக்குத் தெரியவே தெரியாது. இதை அறிந்தே செய்தார்கள். ஜான் போஸ்டல் பதிப்பித்து 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில், இது கணக்கிட எளிது, சோதனைகளில் போதுமானதாகத் தெரிகிறது, ஆனாலும் தற்காலிகமானது, அனுபவத்தைப் பொறுத்து சிஆர்சி இதன் இடத்துக்கு வரலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் உண்டு. 40 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் மாறவில்லை.

முகவரியும் சரிபார்ப்பும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடம், தரவு ஒழுங்காகச் சேர்ந்ததா என்று இரு முனைக் கணினிகளும் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறை. அதன் செக்சம் தரவை மட்டும் கூட்டாது, அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் சேர்த்தே கூட்டும். வழி தவறி வேறு கணினிக்குப் போன பாக்கெட்டை அங்கேயே பிடித்துவிட இந்த ஏற்பாடு. அழகான யோசனை என்றுதான் சொல்வேன்.

வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்த்தால் போதாதா, இரு முனையிலும் எதற்கு என்ற வாதமும் அந்நாளில் சூடாக ஓடியது. அதற்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த சம்பவமே பதில் சொன்னது. அங்கே பல நெட்வொர்க்குகளை கேட்வே கணினிகள் இணைத்தன. ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும் கம்பியில் செக்சம் உண்டு. அதை நம்பி, இதுவே போதும் என்று நிரலாளர்கள் இருந்துவிட்டார்கள். ஒரு கேட்வேயில் மட்டும், உள்ளே வந்த தரவை வெளியே போகும் இடத்துக்கு நகலெடுக்கும்போது அவ்வப்போது இரண்டு பைட்டுகள் இடம் மாறின. பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை போல. பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டையை எண்ணினார்கள், பஸ் மாறும் இடத்தில் எண்ண ஆளில்லை. ஒரு இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அந்த வழியே திரும்பத் திரும்பப் போய்வந்து சிதைந்தன. பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகக் கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் முனையிலிருந்து முனைவரை என்ற தங்கள் வாதத்தை எழுதியபோது இதைத்தான் சாட்சிக்கு வைத்தார்கள்.

முகவரிகள் தீரப்போகின்றன என்ற பயம் 1990-லேயே வந்துவிட்டது. 1992இல் கோபே நகரில் கூடிய இணையக் கட்டமைப்பு வாரியம், வேறொரு முகாமின் நெறிமுறையைத் தழுவலாம் என்று சொல்லப்போக, பொறியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டாண்டு இழுபறிக்குப் பிறகு 1994 ஜூலையில் டொராண்டோவில் ஐபிவி6 என்ற புது நெறிமுறை முடிவானது. 64 பிட் போதும் என்றவர்களுக்கும் நீளம் மாறட்டும் என்றவர்களுக்கும் நடுவே பிறந்த சமரசம் 128. முன்பு ஆடம்பரம் என்று தள்ளிய அதே எண்.

ஐபிவி6இல் ஹெடர் செக்சத்தையே தூக்கிவிட்டார்கள். பழைய முறையில் ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் பாக்கெட்டின் ஆயுள் எண்ணில் ஒன்று குறையும், அதனால் செக்சத்தை மறுபடி திருத்த வேண்டும். கம்பியில் சிஆர்சி இருக்கிறது, முனையில் டிசிபி இருக்கிறது, நடுவில் இது எதற்கு என்பது அவர்கள் வாதம். எம்ஐடி பாடத்துக்கு இசைந்த முடிவுதான். டிசிபியின் எளிய உறவான யுடிபியில் விருப்பமாக இருந்த செக்சத்தைக் கூடவே கட்டாயமாக்கினார்கள்.

புது முகவரி ஊருக்குள் வருவதற்குள் 1994 மே மாதமே நாட் என்ற குறுக்குவழி வந்துவிட்டது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை ஒளித்துவைக்கும் பெட்டி. போகும் பாக்கெட்டில் முகவரியை மாற்றி எழுதும். முகவரி மாறினால் டிசிபி செக்சம் பொருந்தாதே? அதையும் அதுவே திருத்திவிடும். வழிமாற்றத்தைக் காட்டிக்கொடுக்க வைத்த காவலாளியின் குறிப்பேட்டை நடுவழியில் ஒரு பெட்டி திருத்துவது எனக்கு இன்றும் உவப்பாக இல்லை. ஆனால் நம் வீட்டு வைஃபை ஓடுவதே அதனால்தான்.

கம்பியைத் தாண்டிய பிழைகள் வெறும் கற்பனை அல்ல. ஸ்டோனும் பார்ட்ரிஜும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கம்பியின் சிஆர்சி தேர்ச்சி கொடுத்தபிறகும் 1,100 பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்றன. 16 பிட் செக்சமோ தாறுமாறான பிழைகளில் 65,536க்கு ஒன்றைத் தவறவிடும். 2008 ஜூலை 20 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் படுத்துவிட்டது. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொண்ட செய்திகளில் சிலவற்றில் ஒரு பிட் புரண்டிருந்தது. வாடிக்கையாளர் தரவுக்கு வலுவான சரிபார்ப்பு வைத்திருந்தவர்கள் அந்த உள் செய்திகளுக்கு வைக்கவில்லை.

இன்று இணையதளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்தோடு வருவதால் வழியில் நேரும் சிதைவு தப்பிப்பது அரிது. கோப்பு உங்கள் வட்டுக்கு வந்தபிறகு, அல்லது கிளம்புமுன் சர்வரிலேயே, நேரும் சிதைவை மறையாக்கமும் அறியாது. இயங்குதளம் போன்ற பெரிய கோப்பை இறக்கும்போது பக்கத்தில் ஷா-256 என்று ஒரு நீண்ட எண் போட்டிருப்பார்கள். நிறுவும் முன் ஒருமுறை அதை ஒத்துப் பாருங்கள்.