தலைக்கவசத்துக்குள் ஒரு நூற்றாண்டு

1905 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். பேசுபொருள் மாணவர்களின் கால்பந்தாட்டம். பெயரில்தான் அது கால்பந்து. அமெரிக்கர்கள் ஆடுவது பந்தைக் கையில் ஏந்தி, தலையும் தோளும் மோத முட்டித்தள்ளும் ஆட்டம். அந்தப் பருவத்தில் 19 பேர் இறந்ததாக 'சிகாகோ ட்ரிப்யூன்' கணக்கிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. கூட்டமாகத் திரண்டு மோதுவது கட்டுப்படுத்தப்பட்டது. பின்னாளில் என்சிஏஏ என்று பெயர்பெற்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு பிறந்ததும் அவ்வாண்டில்தான்.

1939இல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. ஆனால் கவசம் தந்த துணிச்சலில் தலையே ஆயுதமாகியது. 1968இல் பள்ளி, கல்லூரி உட்பட எல்லா நிலைகளிலுமாக 36 பேர் ஆட்டக் காயங்களால் மாண்டனர். தலையை முன்நிறுத்தி மோதுவது 1976இல் தடைசெய்யப்பட்டது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மீண்டும் மீண்டும் விழும் சிறு அடிகள் சேர்ந்து, நினைவையும் குணத்தையும் மெல்ல அரிக்கும் சிடிஇ என்னும் மூளைச்சிதைவுக்கு இட்டுச்செல்கின்றன. இறந்தபின் மூளையை ஆராய்ந்தே அதை உறுதிசெய்ய முடிகிறது. 2010இல் தற்கொலை செய்துகொண்ட பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கு வயது 21. தலைக்காயம் கண்டறியப்பட்ட பதிவு ஏதுமில்லை, எனினும் அந்நோயின் தடயங்கள் இருந்தன. 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், கல்லூரி அளவோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட 53 பேரின் மூளைகளில் 48இல் அதைக் கண்டனர். ஐயம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன என்பதால், ஆட்டக்காரர் அனைவருக்கும் இவ்விகிதத்தைப் பொருத்த இயலாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கை அல்ல அது.

வழியே இல்லை என்பதுமில்லை. டார்ட்மவுத் கல்லூரி 2010இல் பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவதை நிறுத்தியது. 2016இல் ஐவி லீக் கல்லூரிகள் பருவகாலப் பயிற்சியில் அதைப் பின்பற்றின.

1905இல் பிணம் மைதானத்தில் கிடந்தது, ஜனாதிபதியே தலையிட்டார். இன்றைய கேடு பல்லாண்டுகள் கழித்து, கல்லூரிக்கு வெகுதொலைவில், ஏதோவொரு வீட்டின் படுக்கையறையில் வெளிப்படுகிறது. முன்னாள் மாணவர் ஒருவரின் மரணத்துக்கு என்சிஏஏ பொறுப்பல்ல என்று 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2025 முதல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். இருபது வயதின் உழைப்புக்கு விலை நிர்ணயமாகிவிட்டது. ஐம்பது வயதில் மகளின் பெயரை மறக்கப்போகிறவனுக்கு யார் கணக்குத் தீர்ப்பார்கள் என்பதில்தான் அவ்வாட்டத்தின் எதிர்காலம் இருக்கிறது.