கடல் கடந்து வரும் பொதியும் சுங்கத் தீர்வையும்

கனடாவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் அனுப்பும் பொதியும், இணையத்தின் மூலம் நாமே பணம் செலுத்தித் தருவிக்கும் பொருளும் இலங்கையை வந்தடைந்ததும் சுங்கத்தின் பரிசீலனைக்கு உட்படுகின்றன. பொருளின் விலையும் அனுப்பும் கட்டணமும் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்க, மேலும் எதற்காகப் பணம் கேட்கின்றனர் என்ற கேள்வி அவ்விடத்தில்தான் எழுகின்றது. பொதி வந்த பின்னர் மனம் வருந்துவதிலும் பார்க்க, பொருளைத் தருவிக்கும் முன்னரே இக்கணக்கை விளங்கிக் கொள்வது நன்று.

சுங்கத்தின் அதிகாரம் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. எப்பொருளை இறக்குமதி செய்வதற்கு அனுமதிப்பத்திரம் அவசியம் என்பதை 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் ஒழுங்குவிதிகள் தீர்மானிக்கின்றன. எனவே, வரியைச் செலுத்தினால் எப்பொருளையும் பெற்றுக் கொள்ளலாம் என்று எண்ணுவது தவறாகும். வரி வேறு, அனுமதி வேறு.

ஒரு பொருளுக்கான தீர்வை அதன் வகையிலும் பெறுமதியிலும் தங்கியுள்ளது. வகையை நிர்ணயிப்பதற்கு உலக சுங்க அமைப்பின் குறியீட்டு முறை 1988 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. இலங்கை எட்டு இலக்கக் குறியீட்டைப் பயன்படுத்துகின்றது. நூலுக்கு ஒரு குறியீடு, சப்பாத்துக்கு மற்றொன்று, தையல் இயந்திரத்துக்கு வேறொன்று. குறியீடு மாறினால் தீர்வையும் மாறக்கூடும்.

பெறுமதி என்பது பொருளின் விலை மாத்திரமன்று. விலையோடு காப்புறுதியும் அனுப்பும் கட்டணமும் சேர்ந்த தொகையே கணக்கின் தொடக்கமாகும். 20,000 ரூபா விலையுள்ள பொருளொன்றுக்கு ஏனைய செலவுகள் 5,000 ரூபா எனக் கொள்வோம். சுங்கப் பெறுமதி 25,000 ரூபாவாகின்றது. தீர்வை நூற்றுக்கு 20 வீதம் என வைத்துக்கொண்டால் அது 5,000 ரூபா. இத்துடன் பெறுமதி சேர் வரி வருகின்றது. சுங்கப் பெறுமதி, அதன் பத்து வீதமான 2,500 ரூபா, தீர்வை ஆகிய மூன்றும் சேர்ந்த 32,500 ரூபாவின் மீதே அவ்வரி விதிக்கப்படும். 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 18 வீதத்தின்படி அது 5,850 ரூபா. ஆக, 20,000 ரூபாப் பொருளுக்கு 10,850 ரூபா வரி. பொருளின் வகைக்கேற்பத் துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி, செஸ் வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி முதலியனவும் சேருமாயின் தொகை மேலும் உயரும். வரியின் மீதும் வரி ஏறுவதாலேயே பலரது எதிர்பார்ப்புப் பொய்த்துப் போகின்றது.

பொதியின் மீது அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் வரி தானாகவே நீங்கிவிடும் என்பதும் ஒரு தவறான நம்பிக்கையாகும். பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதோ அதனினும் ஆபத்தானது. பொய்யான வெளிப்படுத்துகை பறிமுதலுக்கும் தண்டத்துக்கும் வழிவகுக்கும். அனுப்புபவர் தபாலகத்தில் நிரப்பும் வெளிப்படுத்தல் பத்திரத்தில் உண்மையான விவரத்தை எழுதுவதும், கொள்வனவுப் பற்றுச்சீட்டைப் பெறுநருக்கு அனுப்பி வைப்பதும் வீண் தாமதத்தைத் தவிர்க்கும்.

சில பொருட்களுக்கு வரியிலும் பார்க்க அனுமதியே முக்கியமானது. மருந்து வகைகள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்படும். விதைகளும் நாற்றுகளும் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நோயுற்ற தாய்க்கென மகன் அன்போடு அனுப்பும் மருந்தும் இக்காரணத்தால் தடுத்து வைக்கப்படலாம்.

இவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதையும் வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. டொலர் நெருக்கடி முற்றிய வேளையில், 2022 ஓகஸ்டில் 1,465 பொருள் வகைகளின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2023 இல் பெரும்பாலான தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. பெறுமதி சேர் வரியும் 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டுப் பின்னர் 18 வீதம் வரை உயர்ந்தது. பிற நாடுகளும் சிறு பொதிகளுக்கான சலுகைகளைக் குறைத்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையான பொதிகளுக்கு வழங்கிய பெறுமதி சேர் வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு வழங்கிய தீர்வை விலக்கை 2025 ஓகஸ்டில் நிறுத்தியது. கடந்த வருடம் ஒருவர் பெற்ற அனுபவம் இவ்வருடத்திற்கு வழிகாட்டியாகாது.

கருவூலம் வெறுமையாகி, கடனை மீளச் செலுத்த முடியாது தவித்த நாட்டுக்கு இறக்குமதி வரி அவசியம் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும் வரி செலுத்துபவன் அதன் கணக்கைத் தன் மொழியில் அறியும் உரிமை உடையவன். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகியது. அவ்வாறிருக்க, மன்னாரிலோ காத்தான்குடியிலோ வாழும் ஒருவர் தன் பொதிக்கு விதிக்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து விளங்கிக் கொள்ள முடிதல் வேண்டும். அதிகம் தருவிக்கப்படும் பொருட்களுக்கான தீர்வைகளையும் தடைகளையும் எளிய தமிழில் தொகுத்துத் தபாலகங்கள் தோறும் காட்சிப்படுத்துவது அரசுக்குப் பெருஞ்செலவை ஏற்படுத்தும் காரியமன்று.

மக்களும் தம் பங்கை ஆற்ற வேண்டும். பணம் செலுத்தும்போது வரி வகைகள் தனித்தனியே குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் அவசியம். மதிப்பீடு தவறெனத் தோன்றினால் கொள்வனவுச் சான்றுகளுடன் எழுத்து மூலம் முறையிட வேண்டும். உரிய பதில் கிடைக்காதவிடத்து 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமது பொதி பற்றிய தகவலைக் கோரலாம். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளுக்கு எவ்வளவு வரி, எதற்காக வரி என்று கேட்பதில் எவரும் தயங்க வேண்டியதில்லை.