பூஜை முடியட்டும் தாதா!

கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொத்தமல்லி விதை கொண்டுவந்தேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவன் ஆயிற்றே! ஆடி பிறந்ததும் மொட்டை மாடித் தொட்டிகளில் தூவிவிட்டேன். இங்கே அது கொட்டுகிற மழைக்காலம். அத்தனையும் அழுகிப் போச்சு. பக்கத்து வீட்டு வங்காளி நண்பர் சிரித்துக்கொண்டே, "பூஜை முடியட்டும் தாதா, அப்புறம் போடுங்க" என்றார்.

நமக்கு முன்பே இங்கு குடிவந்த ஒருவரும் இப்படி விதையோடு போராடியிருக்கிறார். அவர் வில்லியம் கேரி. 1793-இல் வங்காளம் வந்த பாதிரியார். 1800 முதல் ஹூக்ளிக் கரையில், ஸ்ரீராம்பூரில் தோட்டம் போட்டவர். இங்கிலாந்து நண்பர்களுக்கு விதை கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதினார். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்காகும். கடல் ஈரம் பட்ட விதை பல சமயம் முளைக்காது. ஒருமுறை விதை வந்த பையை நிழலான இடத்தில் உதறினார். ஒட்டியிருந்த மண்ணிலிருந்து அவர் ஊர் டெய்சிப் பூச்செடி முளைத்தது. மனுஷருக்கு அப்படியொரு ஆனந்தம்! 1823 வெள்ளத்தில் தோட்டமே அழிந்தது, மறுபடியும் போட்டார்.

1820-இல் அவர் முயற்சியால் உருவான வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அலிப்பூரில் இன்றும் இருக்கிறது. நம்மவர்கள் மலர்க் கண்காட்சிக்குப் போவது அங்கேதான். விதை தருவித்துக் கொடுத்ததோடு, நல்ல காய்கறி விளைவித்த மாலிகளுக்குப் பரிசும் தந்த சங்கம் அது.

காலிஃபிளவர் கதை இன்னும் ருசியானது. 1822-இல் ஜெம்சன் என்பவர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சகாரன்பூருக்கு அதன் விதையைக் கொண்டுவந்தார் என்று நூல்கள் சொல்கின்றன. சீமை வகைக்கு நல்ல குளிர் வேண்டும். நம் சமவெளியில் அது விதை கட்டாது. ஆண்டுதோறும் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் பீகார், உத்தரப் பிரதேசத் தோட்டக்காரர்கள் வெயிலைத் தாங்கிப் பூத்த செடிகளின் விதையை மட்டும் எடுத்து வைத்து, தலைமுறை தலைமுறையாக விதைத்தார்கள். விளைவு, 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் பூ கட்டுகிற இந்தியக் காலிஃபிளவர். வகைகளுக்குப் பெயரே குவாரி, காத்கி, அகனி, மாகி என்று மாதக் கணக்கில்தான். ஜெம்சன் பெயர் நூலில் ஏறிவிட்டது. நூறு வருஷம் விதை காத்த அந்த மாலிகளில் ஒருவர் பெயரும் ஏறவில்லை. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், கணக்கில் வராத முதலீடு இது.

எங்கள் வீட்டில் கிழங்கு வகை கிடையாது. ஆகவே முள்ளங்கி, கேரட் பற்றி நான் சொல்வதற்கில்லை. லெட்டூஸ் கீரையோ இன்னும் சீமைக் குணத்தை விடவில்லை. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் விதை உறங்கிவிடும். கார்த்திகையில் மண்மேல் தூவி, மிக மெல்லியதாக மூடினால் போதும். கொத்தமல்லியை உள்ளங்கையில் தேய்த்து, இரண்டாக உடைத்துப் போடுங்கள். பூஜைக்குப் பிறகுதான்!